ஈடு

செல்லூரில் என் பெரியம்மா இட்லிக் கடை நடத்துகிறார். கடை என்றால் பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. வீட்டு வாசலில் ஒரு பெஞ்சு, கேஸ் அடுப்பு, பெரிய இட்லிக் கொப்பரை, அவ்வளவுதான். காலை ஐந்தரைக்கு முதல் ஈடு இறங்கும். ஒன்பது மணிக்குள் பதினைந்து ஈடாவது எடுத்துவிடுவார். இருபத்தைந்து வருடமாக இதையே செய்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். நான் இன்ஜினியரிங் முடித்ததிலும் அந்தக் கொப்பரைக்குப் பங்கு உண்டு. கடைசி இரண்டு செமஸ்டர் ஃபீஸ் அவர் கட்டியது.

2021 டிசம்பரில் அவரைத் தடுப்பூசி போடவைத்தது நான்தான். அதுவரை தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். "எனக்குத்தான் சுகர் இருக்கேடா, எதாச்சும் ஆகிப்போச்சுன்னா கடைய யாரு பாக்குறது?" என்பார். "சுகர் இருக்கவங்கதான் மொதல்ல போடணும். ஒண்ணும் ஆகாது பெரியம்மா" என்றேன். இந்தக் கட்டுரை அந்த "ஒண்ணும் ஆகாது" பற்றியதுதான்.

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டிருந்ததால் வலது கைதான் நர்ஸ் பக்கம் இருந்தது. ரவிக்கைக் கை இறுக்கம். மேலே ஏற்ற முடியவில்லை என்று கழுத்துப் பக்கமிருந்து துணியை இழுத்து இறக்கினார்கள். தெரிந்த இடம் தோளின் மேடு மட்டும்தான். ஊசி அங்கேயே இறங்கியது. நின்றுகொண்டு ஊசி போட்ட அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. நான் பக்கத்தில் நின்று, குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடுவதற்காக ஒரு ஃபோட்டோவும் எடுத்தேன்.

அன்று இரவே வலி. எல்லாருக்கும் வருவதுதானே என்று விட்டோம். மூன்று நாள் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று, மூன்று மாதம் ஆயிற்று. கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தலை வாரவோ கொண்டை போடவோ முடியவில்லை. கொப்பரையை இறக்க மாதம் ஆறாயிரம் சம்பளத்துக்கு ஒரு ஆளை வைத்தார். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார்.

காட்டிய டாக்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்: "ஃப்ரோஸன் ஷோல்டர். சுகர் பேஷண்டுக்கு வர்றதுதான்." ஊசி போட்ட அன்றிலிருந்துதான் என்று பெரியம்மா சொன்னபோது சிரித்தார். "எல்லாத்துக்கும் ஊசிதான் காரணம்னு இப்ப எல்லாரும் சொல்றாங்கம்மா."

*

நான் கம்ப்யூட்டர்காரன், மருத்துவம் தெரியாது. ஆனால் ஒரு பிழை எங்கே நுழைந்தது என்று தேடுவது என் தொழில். தேடியதில் இதற்கு ஒரு பெயரே இருப்பது தெரிந்தது: சிர்வா. 'தடுப்பூசி செலுத்தியதோடு தொடர்புடைய தோள் காயம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 2010இல் அமெரிக்காவில் 13 பேரின் பதிவுகளை வைத்து மருத்துவர்கள் இதை விளக்கி எழுதினார்கள். ஊசி இறங்கவேண்டியது தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே இருக்கும் தடித்த தசையில். அதைவிட மேலே குத்தினால் தசைக்கு அடியில் மூட்டைப் பாதுகாக்கும் மெல்லிய பைக்குள் மருந்து போய்விடலாம். உடம்பில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதுதான் தடுப்பூசியின் வேலை. தசையில் செய்யவேண்டிய அந்த வேலையை அது மூட்டுக்குள் செய்தால் அங்கே அழற்சி வரும். ஒல்லியான தோள்காரர்களுக்கும் பெண்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். மருந்தில் கோளாறு இல்லை, இரண்டு விரல் அளவு இடம் தவறியதுதான்.

இதே காயம் என் பழைய டீம்மேட் ஒருவனுக்கும் வந்தது. நியூ ஜெர்சியில் இருக்கிறான். மருந்துக் கடையில் ஃப்ளூ ஊசி போட்டு, ஏழெட்டு மாதம் கை தூக்க முடியாமல் கிடந்தான். அவன் மருந்துக் கடை மேலோ ஊசி போட்டவர் மேலோ வழக்குப் போடவில்லை. 1986இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தின்கீழ் அதற்கென்றே உள்ள நிதியிலிருந்து இழப்பீடு வாங்கினான்.

அந்தச் சட்டம் வந்த கதையைக் கேட்டால் கருணையால் வந்ததில்லை என்று புரியும். எண்பதுகளில் முத்தடுப்பூசி தொடர்பாக வழக்குகள் குவிந்தன. கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தடுப்பூசி செய்வதையே விட்டுவிடும்போல இருந்தது. தடுப்பூசியையும் காப்பாற்ற வேண்டும், காயப்பட்டவரையும் விட்டுவிடக் கூடாது. ஆகவே தடுப்பூசியின் விலையிலேயே, அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் டோஸுக்கு 75 சென்ட் வரி வைத்தார்கள். ஊசி போடும் ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ இந்த முக்கால் டாலரைப் போடுகிறார்கள். அதில்தான் காயப்பட்டவருக்கு ஈடு கொடுக்கப்படுகிறது.

எந்தத் தடுப்பூசிக்கு எந்தக் காயம் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. 2017இல் தோள் காயத்தையும் அதில் சேர்த்தார்கள். முன்பு அந்தத் தோளில் கோளாறு இருந்திருக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் கை அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும். வேறு காரணம் வெளிப்படையாக இருக்கக் கூடாது. பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். இவை பொருந்தினால் யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வக்கீல் ஃபீஸையும் பெரும்பாலும் அந்த நிதியே கொடுத்துவிடும்.

அமெரிக்காவைச் சொர்க்கமாகக் காட்ட இதைச் சொல்லவில்லை. அங்கேயே கோவிட் தடுப்பூசி இந்தத் திட்டத்தில் இல்லை. அதற்கு வேறொரு திட்டம். ஒரே வருடக் கெடு, மிகச் சிலருக்கே பணம். பெரியம்மா நியூ ஜெர்சியில் இருந்திருந்தாலும் அவருக்கு எதுவும் கிடைக்காமல் போயிருக்கலாம்.

*

நான் பார்த்த வக்கீல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் பிராக்டீஸ் செய்பவர், தூரத்துச் சொந்தம். ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஊசி எந்த உயரத்தில் இருக்கிறது என்று அதில் தெளிவாகத் தெரிந்தது. "நல்ல எவிடென்ஸ்தான் தம்பி. ஆனா யாரு மேல போடுறது?" என்றார்.

அவர் விரல்விட்டுச் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். நுகர்வோர் ஆணையம்தான் எளிய வழி. ஆனால் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த உச்சநீதிமன்றமே, எல்லாருக்கும் முழுக்க இலவசமாகத் தரப்படும் சேவை அதில் வராது என்றும் சொல்லிவிட்டது. முகாம் ஊசி இலவசம். மருந்துக் கம்பெனி மேல் போடலாமென்றால் மருந்தில் குறை இல்லை. சிவில் கோர்ட்டுக்குப் போனால் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். அதற்கு நர்ஸ் பெயரைச் சொல்லி, அவர் ஒரு நியாயமான நர்ஸ் செய்யக் கூடாததைச் செய்தார் என்று இன்னொரு மருத்துவரைச் சாட்சி சொல்லவைக்க வேண்டும்.

கோவின் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். பெயர், வயது, தடுப்பூசி, தேதி, இடம் எல்லாம் இருந்தன. ஊசி போட்டவர் பெயரும் இருந்தது. எந்தக் கையில் போட்டார்கள் என்பதற்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை. நாடு முழுவதும் 220 கோடி டோஸுக்கு மேல் பதிவுசெய்த ஒரு மென்பொருள் அது. அந்த அளவில் ஒன்றைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதில் எனக்கு மரியாதைதான். ஆனால் பதிவு செய்ய இடமே இல்லாத ஒன்று, கணக்கில் நடக்காத ஒன்று.

நர்ஸ் பெயரைப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ள மேலயா கேஸு போடப் போற? வேல போயிரும்டா. அது அன்னைக்கு ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்கல, நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். அதோடு வழக்கு முடிந்தது.

ஆனால் கேள்வி முடியவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் வலது கை போனது. தப்பு செய்தவர் இல்லையென்றால் கடன்பட்டவரும் இல்லை என்று ஆகிவிடுமா?

*

எங்கள் கம்பெனியில் சர்வர் விழுந்தால் மறுநாள் ஒரு கூட்டம் போடுவோம். யார் செய்தது என்று கேட்கக் கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் விதி. ஒருத்தர் தப்பு செய்யும்படி அமைப்பு ஏன் இருந்தது என்றுதான் கேட்க வேண்டும். அந்த முகாமையும் இப்படிப் பார்த்தால் நர்ஸ் காரணமல்ல. நாற்காலி சுவரோரமாக இருந்தது, உட்கார ஸ்டூல் இல்லை, ரவிக்கையைத் தளர்த்த ஒரு மறைப்புத் திரை இல்லை, வரிசை நீளம். இந்தப் பண்பை எல்லாரும் பாராட்டுவோம். ஆனால் இதோடு சேர்ந்த இன்னொரு வழக்கத்தை மறந்துவிடுவோம். யாரையும் திட்டாத அதே வாரத்தில், சர்வீஸ் தடைபட்ட வாடிக்கையாளருக்கு ஒப்பந்தப்படி பணம் கழித்துத் தரப்படும். குற்றவாளி இல்லை என்பதால் யாரும் அதை நிறுத்துவதில்லை. குற்றம் வேறு, கடன் வேறு.

இது என் தொழிலில் கண்டுபிடித்த ஞானமும் இல்லை. மேலூர்ப் பக்கம் எங்கள் தாத்தா ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஐப்பசியில் விடாமல் மழை. கண்மாய் நிரம்பி, கரை எந்த நேரமும் உடையலாம். தானாக உடைந்தால் தண்ணீர் ஊருக்குள் வரும். ராத்திரியோடு ராத்திரியாக ஊரார் கூடி, கரையை வேறொரு பக்கம் வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே ஒருவரின் இரண்டு ஏக்கர் நெல். மொத்தமும் மண் மூடிப் போனது. அந்த வருடம் அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் அவர் வாசலில் வந்து இறங்கியதாம். அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, வெட்டியவர்கள் மேல் அவரும் பிராது கொடுக்கவில்லை. வெட்டியது சரி, கொடுத்ததும் சரி.

இதே நியாயம் 1794இன் பிரஷ்யச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. பொது நன்மைக்காகத் தன் உரிமையை இழக்க நேர்ந்தவருக்கு அரசு ஈடு தர வேண்டும் என்றது அது. 1953இல் மேற்கு ஜெர்மனியின் உச்சபட்ச சிவில் நீதிமன்றம், கட்டாய அம்மைத் தடுப்பூசியால் பாதிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில் இந்தக் கொள்கையைத்தான் எடுத்துக்கொண்டது. 1961இல் அங்கே அது சட்டமாயிற்று. பிரான்ஸும் ஜப்பானும் பிரிட்டனும் பின்னாலேயே வந்தன. பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுச் சட்டம் 60 சதவீத ஊனம் இருந்தால்தான் பணம் என்கிறது. இட்லிக் கொப்பரையை இறக்க முடியாதது எத்தனை சதவீதம் என்று தெரியவில்லை.

"அதெல்லாம் பணக்கார நாடு" என்று சொல்லத் தோன்றும். ஆனால் தப்பை நிரூபிக்காமலேயே ஈடு கொடுப்பது நமக்கும் புதிதல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில், யார் மேல் தப்பு என்று காட்டாமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கலாம். போபாலுக்குப் பிறகு 1991இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும் இதே வகைதான். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்யும் கருத்தடை அறுவைச் சிகிச்சையில் உயிர் போனாலோ, அறுவை தோற்றாலோ இழப்பீடு தரும் ஏற்பாடு 2005 முதல் நடக்கிறது. அதுவும் பொதுச் சுகாதாரத் திட்டம்தான். அதற்குப் பொருந்துவது ஊசிக்கு ஏன் பொருந்தாது?

*

ஒன்றிய அரசு இதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. கோவிட் தடுப்பூசிக்குப் பின் மகள்களை இழந்த பெற்றோர் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2022 நவம்பரில் தாக்கல்செய்த பிரமாணப் பத்திரத்தில் அது வந்தது. தடுப்பூசி கட்டாயம் அல்ல, மக்கள் தெரிந்தே விரும்பிப் போட்டுக்கொண்டார்கள், மிக அரிதாக நேரும் மரணத்துக்கு அரசை நேரடியாகப் பொறுப்பாக்க முடியாது, வேண்டுமானால் சிவில் நீதிமன்றத்தை அணுகலாம் என்பது அதன் சாரம்.

காகிதத்தில் சரிதான். ஆனால் 2021 டிசம்பரில் மதுரைக்காரர்கள் படித்த அறிவிப்பு வேறு மாதிரி இருந்தது. ஒரு டோஸாவது போடாதவர்களுக்கு ஒரு வாரக் கெடு, அதன் பிறகு ஓட்டல், வணிக வளாகம் முதலிய பொது இடங்களில் அனுமதி இல்லை. இப்படிப்பட்ட கட்டுப்பாடுகள் அன்றைய நிலவரத்துக்குப் பொருத்தமானவையல்ல என்று 2022 மே மாதம் ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. அதற்குள் ஊசி போட்டாயிற்று. தவிர, சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அன்பு கட்டாயப்படுத்தும். "உனக்காக இல்ல, பேரப்பிள்ளைகளுக்காகப் போட்டுக்க" என்று நாம் எல்லாரும் யாரிடமாவது சொல்லியிருக்கிறோம். மற்றவர்களுக்காகப் போட்டுக்கொள் என்று கேட்டுவிட்டு, ஒன்று நேர்ந்த பிறகு உனக்காகத்தானே போட்டாய் என்று சொல்வதில் நேர்மை இல்லை.

உண்மையிலேயே விரும்பிப் போன ஒருவருக்கு என்ன நடந்தது என்றும் பார்த்தோம். 2020 அக்டோபரில் கோவிஷீல்ட் பரிசோதனைக்குத் தன்னார்வலராகப் போன சென்னைக்காரர் ஒருவர், தனக்கு மூளை நரம்புப் பாதிப்பு வந்ததென்று 5 கோடி கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பாதிப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றது சீரம் நிறுவனம். அதோடு நிற்காமல், 100 கோடிக்கு மேல் மானநஷ்டம் கேட்போம் என்றும் எச்சரித்தது. அவருடைய நோய்க்கு ஊசி காரணமா என்பதற்குள் நான் போகவில்லை. கேட்டவருக்குக் கிடைத்த பதிலின் தொனிதான் எனக்கு முக்கியம். யாரோ ஒருவர் குற்றவாளியாக வேண்டும் என்ற ஏற்பாட்டில், கேட்பவரும் குற்றவாளி ஆகிவிடுகிறார்.

*

எனக்குள்ளேயே எழும் ஆட்சேபங்கள் இரண்டு.

முதலாவது: நாம் பேசுவது மருந்தின் விளைவா, ஊசி போட்டவரின் கைப்பிழையா? பிழை என்றால் பிழை செய்தவரிடம் போகட்டுமே. 2020இல் அமெரிக்கச் சுகாதாரத் துறையே இந்த வாதத்தோடு தோள் காயத்தை அட்டவணையிலிருந்து நீக்கப் பார்த்தது. 2021 ஜனவரியில் விதியும் போட்டது. நடைமுறைக்கு வருமுன் அடுத்த அரசு அதைக் கைவிட்டது. வாதம் கூர்மையானதுதான். ஆனால் கோடிக்கணக்கான ஊசியை அவசரமாகப் போடும் திட்டத்தில் சில கைகள் இரண்டு விரல் தவறும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். தெரிந்தே ஏற்றுக்கொண்ட தவற்றின் செலவை, தவறிய கையின் தலையில் கட்டுவது கண்மாயை வெட்டச் சொல்லிவிட்டு மண்வெட்டி பிடித்தவரிடம் நெல் கேட்பது போல.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாதது: டாக்டர் சொன்னது சரியாக இருந்தால்? சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது உண்மையிலேயே அதிகம். பெரியம்மாவுக்கு ஊசி இல்லாமலே அது வந்திருக்கலாம். 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17ஆம் தேதி இறந்தார். ஊசிதான் காரணம் என்று தமிழ்நாடே பேசியது. ஆராய்ந்த தேசியக் குழு, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்த தற்செயல் என்றது. பின்னால் நடந்ததெல்லாம் அதனால் நடந்ததாகிவிடாது. இது எனக்கும் தெரியும்.

ஆனால் ஒரு தனி மனிதரின் தோளில் எது காரணம் என்பதை உறுதியாகச் சொல்லவே முடியாமல் போகலாம். அப்போது கேள்வி மருத்துவத்திலிருந்து நியாயத்துக்கு மாறிவிடுகிறது. சந்தேகத்தின் பாரத்தை யார் சுமப்பது? கிரிக்கெட்டில் சந்தேகத்தின் பலனை பேட்ஸ்மேனுக்குக் கொடுத்தார்கள். அவர் அவுட் இல்லை என்று உறுதியாகத் தெரிந்ததால் அல்ல. தப்பாக வெளியேற்றினால் அவருக்கு இன்னொரு பந்து கிடையாது, பவுலருக்கு உண்டு என்பதால். அட்டவணையில் உள்ள 48 மணி நேரமும் ஆறு மாதமும் அறிவியல் உண்மைகள் அல்ல. சந்தேகத்தை யார் தலையில் வைப்பது என்று ஒரு சமூகம் செய்துகொண்ட முடிவு அது. நாம் முடிவெடுக்காமல் விட்டால், அந்தப் பாரம் தானாகவே பலவீனமானவர் தோளில் போய் உட்காரும்.

இப்படிப் பேசினால் மக்கள் ஊசிக்குப் பயப்படுவார்கள் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. பெரியம்மை நோயையே ஒழித்த, போலியோவை நம் நாட்டைவிட்டு விரட்டிய தடுப்பு மருந்துகளை நான் நம்புகிறேன், ஊசியை நாளையும் போடுவேன். பெரியம்மாவின் தெருவில் ஊசிக்கு எதிராகப் பேசியவர்கள் வாட்ஸப் வதந்தியை வைத்துப் பேசவில்லை. "அந்தக்கா கையப் பாத்தீங்கல்ல?" என்றுதான் பேசினார்கள். அதற்கு ஒரு பதில் கடைசிவரை யாரிடமும் இல்லை.

*

ஆள் வைத்த சம்பளத்தை நான் கொடுக்கிறேன் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். "நீயாடா ஊசி போட்ட?" என்று பணத்தைத் தள்ளிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மாவைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "காசெல்லாம் வேணாம். ஆமாம்மா, ஊசியாலதான் இப்படி ஆச்சுன்னு யாராச்சும் ஒரு ஆளு வந்து சொன்னாப் போதும். நான் என்னமோ பொய் சொல்ற மாதிரியே எல்லாரும் பாக்குறாங்க."

மதுரையில் இது பழைய கோரிக்கை. சிலம்போடு அரண்மனைக்கு வந்த கண்ணகி கோவலனுக்கு விலை கேட்கவில்லை. அவன் கள்வன் இல்லை என்று ஒப்புக்கொள்ளச் சொன்னாள். இழப்பீட்டுக்கு உள்ளே பணத்தோடு சேர்ந்து இந்த ஒப்புதலும் இருக்கிறது. உனக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான், அது எங்கள் எல்லாருக்காகவும் நடந்த ஒன்றில் நேர்ந்தது என்று ஊர் சொல்வது. வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் சொன்னதும் அதைத்தான்.

84 நாள் கழித்து இரண்டாவது டோஸ். அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். புடவை மாற்றிக்கொண்டு, கை தளர்வான ரவிக்கையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பி நின்றார். நாற்காலியை நானே திருப்பிப் போட்டேன், இடது கை வெளிப்பக்கம் வரும்படி. கொஞ்சம் கீழே போடுங்கள் என்று நர்ஸிடம் சொன்னேன். அவரும் கோபப்படாமல் விரல் வைத்து அளந்தார்.

"ஒண்ணும் ஆகாதுல்லடா?" என்று கேட்டார் பெரியம்மா.

இந்த முறை என்னால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. "ஆகாதுன்னுதான் நெனைக்கிறேன் பெரியம்மா. ஆச்சுன்னா நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினார்.